பத்தொன்பது

முதல் கடிதம் சொன்னது:
பணியால் வந்ததும் அல்ல,
பணியால் கூடியதும் அல்ல.
அப்படியானால் என் இடது காது
லீவில் வந்திருந்தபோது
கண்டதேவித் தேர்க்கூட்டத்தில் தொலைந்திருக்க வேண்டும்.

ஒன்றரை வருஷம் கழித்து வந்த கடிதம்
ஒப்புக்கொண்டது. பீரங்கிதான்.
ஆனால் குறைபாடு பத்தொன்பது விழுக்காடு,
ஆயுள் முழுமைக்கும்.
இருபதுக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

தேவகோட்டையில் ஓர் அடகுக்கடை வாசலில்
இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிறேன்.
தெரு எனக்கு வலது பக்கம்,
சுவர் இடது பக்கம்.
யாரும் கவனித்ததில்லை.
எல்லா இடத்திலும் இப்படித்தான் நின்றிருக்கிறேன்.

கடிதத்தைக் கல்லாமேல் விரித்துப் படித்தார் பெரியணன் செட்டியார்.
ஒரு பர்சன்ட்டுக்கா இந்த அலைச்சல் என்று
சிரித்தவர்கள் உண்டு. அவர் சிரிக்கவில்லை.
ஒரு பர்சன்ட் என்ன எடை என்று தெரிந்த மனிதர்.
கால்குலேட்டரில் மாதத்தைத் தட்டினார், வருஷத்தைத் தட்டினார்,
என்னை எண்பது வயசு வரைக்கும் வாழவைத்துப் பெருக்கினார்.
"காது முதல், சேவுகா.
அது மூழ்கிப்போச்சு, திரும்பாது.
வட்டியை விட்டுடாதே."

சிவகங்கையில், படைவீரர் நல அலுவலகத்தில்,
எழுத்தர் பேனாவை மூடாமல் கேட்டார்:
சர்வீஸில் என்றைக்காவது
காது கேட்கவில்லை என்று சொன்னீர்களா?
அவர் முன்னால் என் ஜெராக்ஸ் கட்டு.
ஷேப் ஒன். ஷேப் ஒன். ஷேப் ஒன்.

எப்படி வந்தது அந்த ஒன்று?
வலது காதை நானே பொத்திக்கொள்வேன்.
டாக்டர் முதுகுக்குப் பின்னால் போய் முணுமுணுப்பார்.
எதிரே மருந்து அலமாரி, அதன் கண்ணாடியில்
அவருடைய உதடு.
"ஐம்பத்தாறு, சாப்" என்பேன்.
டிக் அடிப்பார்.
மூன்றாவது பட்டை வரவேண்டியிருந்தது,
தங்கைக்கு நகை சேரவேண்டியிருந்தது,
செவிட்டுப் பீரங்கிக்காரனுக்கு
எந்தத் தையல்காரன் பட்டை தைப்பான்?
ராஜஸ்தான் மணலில் பஞ்சை அடைத்துக்கொண்டு
அடுத்த குண்டை ஏற்றினோம்.
பஞ்சு போதாதென்று ஒருவரும் சொல்லவில்லை.
சொன்னவன் இருந்தால்
அவன் என் இடது பக்கம் நின்றிருப்பான்.

அந்த டிக் ஒவ்வொன்றும் இப்போது எதிர்த்தரப்புச் சாட்சி.
பயிற்சி கொடுத்தது நான்.

மீனாளும் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாள்.
வக்கீல் எழுதித் தந்ததை மடித்து வைத்துவிட்டு
தன் கையெழுத்தில், கோடு போடாத தாளில்:
"லீவுக்கு வந்தால் வலது காதைத் தலையணையில் புதைத்துத் தூங்குவார்.
பிள்ளை வீறிட்டு அழுதாலும் எழுந்திருக்க மாட்டார்.
திமிர் என்று நினைத்தேன்.
முதல் மூன்று வருஷம் நாங்கள் போட்ட சண்டையெல்லாம்
நான் இடது பக்கம் நின்று கேட்ட கேள்விகள்."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.
சொல்லியும் இருக்கலாம்.

சென்னையில் மறுபரிசோதனை.
சத்தம் புகாத சின்ன அறை, தலையில் கருவி.
கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றான் பையன்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
அவன் விரல் பொத்தானில் அழுந்துவது தெரிந்தது.
கை தானாக எழுந்தது, முழங்கால் வரைக்கும்.
இருபது வருஷ டிரில், சும்மா இருக்குமா.

கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது அது எவ்வளவு பெரிய இடம் என்று.
உள்ளே ஒருவருமில்லை.
கை மடியில் கிடந்தது, வேறு யாருடையதோ போல.
பொத்தானை அழுத்தினானா, டீ குடிக்கப் போய்விட்டானா,
தெரியாது.

தீர்ப்புக்கு இன்னும் தேதி போடவில்லை.
திரும்பும் பஸ்ஸில்
மீனாளை எழுப்பி, இடம் மாறி உட்காரச் சொன்னேன்.
ஏன் என்று கேட்டாள், கேட்டது.
திருமயம் தாண்டும்வரை புளி விலையைத் திட்டிக்கொண்டு வந்தாள்.
கிலோவுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று
இப்போது எனக்குத் தெரியும்.